‘பிரெட்டி பிரிண்ட்’டுக்குத் தமிழ்: அழகச்சு வேண்டாமே

நண்பர்களுக்கு வணக்கம்.

கணினி நிரலை (புரோகிராமை) அதன் அமைப்பு கண்ணுக்குத் தெரியும்படி வரி பிரித்து, உள்தள்ளிக் காட்டுவதை ஆங்கிலத்தில் ‘பிரெட்டி பிரிண்டிங்’ என்கிறார்கள். நாம் தமிழாக்குகிற தொகுப்பானில் (எடிட்டரில்) வருகிற இந்தச் சொல்லுக்கு ‘அழகச்சு’ என்று இங்கே நேற்று ஒருவர் எழுதியிருந்தார். ‘எழில்பதிப்பு’ என்றார் இன்னொருவர். இரண்டும் காதுக்கு இனிமைதான். ஆனால் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற கடைக்குப் பெயர் வைத்த மாதிரி இருக்கிறது. நாகர்கோவிலில் நானே அப்படியொரு கடை வைத்திருப்பதால் உரிமையோடு சொல்கிறேன்.

பரீட்சைக் காலம் வந்தால் கல்லூரிப் பிள்ளைகள் பிராஜெக்ட் ரிப்போர்ட்டோடு வந்து நிற்பார்கள். மூன்று காப்பி, பைண்டிங், பின்னிணைப்பில் மூலநிரல். சில வருடங்களுக்கு முன் ஒரு பிள்ளை பைதான் என்ற கணினி மொழியில் எழுதிய நிரல் கொண்டுவந்தாள். கட்டுரைப் பக்கங்களுக்குச் செய்வதுபோலவே நிரலையும் இரண்டு ஓரமும் ஒட்டும்படி நேராக்கினேன். வரித் தொடக்கத்தில் கிடந்த வெற்றிடங்களைச் ‘சுத்தம்’ செய்தேன். நேரான மேற்கோள்குறிகளை வளைத்துவிட்டேன். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. பைதானில் எந்த வரி எதற்குள் அடங்கும் என்பதைச் சொல்வதே அந்த உள்தள்ளல்தான் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. மறுநாள் வந்தாள். “அண்ணா, இது என் புரோகிராமே இல்ல.” மூன்று காப்பியும் என் செலவில் மறுபடி. அதிலிருந்து நிரலுக்குப் பக்கத்தில் ‘அழகு’ என்ற சொல்லைக் கண்டாலே கொஞ்சம் பயம்.

இந்த வேலையைத் தொடங்கியவர்கள் எல்லாரும் அழகைப் பற்றிப் பேசவில்லை என்பதையும் பாருங்கள். 1967 வாக்கில் பில் காஸ்பர் என்ற நிரலாளர் லிஸ்ப் மொழி நிரல்களுக்காக எழுதிய கருவிக்கு ‘கிரைண்ட்டெஃப்’ என்று பெயர். அரைப்பது! யுனிக்ஸ் இயங்குதளத்தில் வந்த ‘விகிரைண்ட்’டும் அரைப்புதான்: மொழியின் கட்டளைச் சொற்களைத் தடித்த எழுத்திலும் குறிப்புரைகளைச் சாய்ந்த எழுத்திலும் போட்டு, செயற்கூற்றின் (ஃபங்ஷனின்) பெயரை ஓரத்தில் காட்டும். கணினி அறிஞர் டொனால்ட் க்னூத் இதே வேலைக்கான தன் கருவிக்கு ‘வீவ்’ என்று பெயரிட்டார், நெசவு. அம்மியும் தறியும் அவர்களுக்குப் போதுமாக இருந்திருக்கிறது.

1980இல் டெரக் ஓப்பன் என்ற கணினி ஆய்வாளர் இதற்கென்றே எழுதிய கட்டுரையில் உள்ள கேள்வி மிக எளிது. தாளின் அகலம் இவ்வளவு. வரியை எங்கே முறிப்பது? ஒரு கூறு முழுசாக அந்த வரியில் அடங்கினால் அப்படியே விடு. அடங்காவிட்டால் அதன் மூட்டில் பிரி, கண்ட இடத்தில் வெட்டாதே.

இது நமக்குப் புதிதா? ஓலையில் புள்ளியும் இல்லை, சொல்லுக்குச் சொல் இடைவெளியும் இல்லை. கோயில் கொடையில் வில்லடிக்கிற புலவர் கதையை ஏட்டைப் பார்த்துப் படித்த காலத்தில், எங்கே நிறுத்துவது என்பதை அவர்தான் பிரித்துக்கொள்ள வேண்டும். குறளை ஓலையில் எழுதினால் ஒரே ஓட்டம். இன்று அச்சில் முதல் வரியில் நான்கு சீர், இரண்டாவதில் மூன்று. அந்த முறிவு அலங்காரத்துக்காக வந்ததில்லை. யாப்பு ஏற்கெனவே உள்ளே இருந்தது, அச்சு அதைக் கண்ணுக்குக் காட்டியது.

அதனால் என் பரிந்துரை: சீர்பிரிப்பு. செய்கிற கருவி சீர்பிரிப்பி. அச்சடித்து வருகிற தாள்கள் நிரல்படி, அதாவது நிரலின் பிரதி.

‘அச்சு’ என்பதை வேண்டுமென்றேதான் விட்டேன். ஜேசான் என்ற வடிவில் தகவலைச் சேமிக்கும் கோப்பைத் திரையிலேயே விரித்துக் காட்டுவதையும் இதே ஆங்கிலப் பெயரில்தான் சொல்கிறார்கள், அங்கே தாள் ஏது? ‘சீரமைப்பு’ போதாதா என்று கேட்பீர்கள். சாலையைச் சரி செய்வதற்கும் அதே சொல்தான். நிரலின் வாக்கியத்தைக் கணினி உறுப்பு உறுப்பாகப் பிரித்தறிகிற ‘பார்சிங்’ என்பதோடு குழம்பும் என்றால், அதற்குப் ‘பாகுபடுத்தல்’ இருக்கிறது. பாகுபடுத்தினால்தான் சீர் பிரிக்கவே முடியும்.

கடைக்காரன் என்ற முறையில் இன்னொன்று. கூரியர் எழுத்துருவில் 10 புள்ளி (பாயிண்ட்) அளவு வைத்தால் ஒவ்வோர் எழுத்தும் 6 புள்ளி அகலம். ஏ4 தாள் 595 புள்ளி. இருபுறமும் ஓர் அங்குலம் விட்டால் மிச்சம் 451, அதாவது 75 எழுத்து. நிரல் எழுதுகிறவர்கள் வழக்கமாக வைக்கிற 80 எழுத்து வரி மடங்கிவிடும். 9 புள்ளிக்கு இறக்கினால் 83 வரை நிற்கும், பிழைத்தோம். இந்தக் கணக்கெல்லாம் தமிழ்க் குறிப்புரை வந்ததும் கவிழ்ந்துவிடுகிறது. ‘நிரல்’ என்பது நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. கணினி எழுத்துகளுக்கு எண் கொடுக்கிற யூனிகோடில் 5 குறி. அதைச் சேமிக்கிற யூடிஎஃப்-8 முறையில் 15 பைட். பைட்டை எண்ணுகிற பழைய கருவி அந்த ஒரு சொல்லுக்கே 15 கட்டம் ஒதுக்கி, வரி நிறைந்துவிட்டது என்று நினைத்து நடுவில் முறிக்கிறது. நமக்கு ஒரு நல்ல சீர்பிரிப்பி வேண்டுமென்றால் முதலில் அதற்கு எழுத்தெண்ணத் தெரிய வேண்டும்.

—

தக்கலையிலிருந்து வந்த மறுமொழி:

தம்பி, சீர்பிரிப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. முதலில் செய்யுள் வாசனை அடித்தது, இரண்டு தடவை சொல்லிப் பார்த்ததும் போய்விட்டது. ஆனால் ‘நிரல்படி’ சரிவராது. ‘நிரல்’ என்றாலே வரிசைதானே? ‘பெயர்களை நிரல்படி எழுதுக’ என்று பள்ளிக்கூடத்தில் நானே கேள்வித்தாள் போட்டிருக்கிறேன். படிக்கிறவன் ‘வரிசைப்படி’ என்றுதான் எடுத்துக்கொள்வான். அப்புறம், ஓலையைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டு ஏட்டை ஏன் விட்டீர்? நிரலேடு என்று போடும்.

—

பதில்:

சரி அண்ணாச்சி, நிரலேடுதான். கண்ணெதிரே கிடந்ததை விட்டுவிட்டேன். நாம் தமிழாக்குகிற தொகுப்பானின் பட்டியில் ‘அழகாக அச்சிடு’ என்று இருந்ததை எடுத்துவிட்டுச் ‘சீர்பிரி’ என்று போடுகிறேன், பொத்தானும் சின்னதாகும். ஒரு சந்தேகம்தான் பாக்கி. ‘சீர்பிரி’ என்று சேர்த்தா, ‘சீர் பிரி’ என்று பிரித்தா? நாளைக்குள் யாராவது சொல்லுங்கள்.