கலைச்சொல்: லிக்விட் கிளாஸுக்குத் தமிழில் என்ன? (வியாழன் மாலைக்குள் வேண்டும்)

அனுப்பியவர்: அச்சுக்கூடம்
திங்கள், காலை 10.12

அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் மாத இதழின் கணினிக் குறிப்புகள் பகுதி இந்த முறை முழுக்க ஆப்பிளுக்கு. 2025 செப்டம்பரில் வந்த இயங்குதளங்கள், ஐபோனுக்கான ஐஓஎஸ் 26, மேக் கணினிக்கான மேக்ஓஎஸ் டஹோ இரண்டையும் பற்றி இரண்டு பக்கம். ஐஓஎஸ் எண் 18இலிருந்து ஒரே தாவலில் 26க்குப் போனது ஏன், ஐபோன் 11க்கு முந்தைய கைபேசிகளுக்கு இது ஏன் கிடையாது, இன்டெல் சில்லுள்ள மேக்குகளில் நான்கு மாதிரிகளுக்கு மட்டும் டஹோ, அவற்றுக்கும் இதுவே கடைசி... இவ்வளவும் எழுதி முடித்தாயிற்று.

இடிப்பது ஒரே இடத்தில். திரையின் புதிய தோற்றத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் லிக்விட் கிளாஸ். தலைப்பிலும் வருகிறது, பத்திக்குப் பத்தி வருகிறது. முதல் வரைவில் 'திரவக் கண்ணாடி' என்று போட்டேன். ஆசிரியர் படித்துவிட்டு, "ஏன்யா, பாதரசமா?" என்றார்.

இன்னொன்று: எங்கள் பத்தி அகலம் மிகக் குறைவு. நீளமான சொல்லைக் கொடுத்தால் வரி நடுவில் பல்லிளிக்கும். வியாழன் மாலை ஐந்து மணிக்குப் பக்கம் அச்சுக்குப் போகிறது. கைகொடுங்கள்.

----

அனுப்பியவர்: மேக்கிறுக்கி
திங்கள், காலை 11.30

தம்பி, பெயர் வைக்கும் முன் பொருள் என்ன செய்கிறது என்று பார்த்துவிடுவோம். நான் இதற்குள்ளேயே செயலி எழுதிக்கொண்டிருப்பவள்.

2013இல் ஐஓஎஸ் 7 வந்தபோது பின்னால் இருப்பதை மங்கலாக்கினார்கள், அவ்வளவுதான். இது அப்படியில்லை. பொத்தானுக்குப் பின்னால் ஓடும் படத்தை ஓரங்களில் வளைத்துக் காட்டுகிறது. விளிம்பில் ஓர் ஒளிக்கீற்று உண்டு, கைபேசியைச் சாய்த்தால் அதுவும் நகரும். இரண்டு பொத்தான்கள் பக்கத்தில் வந்தால் நீர்த்துளிகள்போல் ஒட்டிக்கொள்கின்றன. அதாவது நடத்தைக்கு லிக்விட், தோற்றத்துக்கு கிளாஸ். ஆப்பிளின் தலையில் மாட்டும் கருவியான விஷன் ப்ரோவின் திரையைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை, வேர் அங்கேதான் இருக்கிறது.

என் கருத்து: இது வணிகப் பெயர். விண்டோஸை 'ஜன்னல்கள்' என்று எழுதுகிறோமா? 'லிக்விட் கிளாஸ்' என்றே போட்டுவிட்டு வேலையைப் பாருங்கள்.

----

அனுப்பியவர்: நெல்லைச்சீமை
திங்கள், பிற்பகல் 2.05

அம்மா, விண்டோஸை யாரும் மொழிபெயர்க்கவில்லை, சரி. ஆனால் அதற்குள் திறந்து மூடுகிற அந்தப் பெட்டிக்குச் 'சாளரம்' என்ற சொல் வந்து இன்று நிலைத்துவிட்டது. 'மின்னஞ்சல்' வந்தபோதும் "எவன் சொல்வான்?" என்றார்கள். எல்லாவற்றையும் அப்படியே எழுதுவதானால் இந்தக் குழு எதற்கு?

'கண்ணாடி' என்பதே கண் + ஆடி. அடிச்சொல் ஆடி. குறுந்தொகை எட்டாம் பாட்டில் ஆலங்குடி வங்கனார் ஆடிப்பாவையைக் காட்டுகிறார்: கையும் காலும் தூக்கத் தூக்கும் பாவை. முன்னால் இருப்பவர் அசைந்தால் தானும் அசையும். மேக்கிறுக்கி சொல்லும் ஒளிக்கீற்று அதைத்தானே செய்கிறது? நீர் போன்ற ஆடி, உவமைத்தொகை. என் பரிந்துரை: நீராடி.

மூன்றே எழுத்துத்தான், அதற்கு மேல் இல்லை. தம்பியின் பத்தியிலும் அடங்கும்.

----

அனுப்பியவர்: வன்னிக்காடு
திங்கள், மாலை 6.48

ஐயா, கோபிக்கக் கூடாது. "ஆப்பிளின் புதிய நீராடி ஐபோன்" என்று தலைப்பு வந்தால் எங்கள் ஊரில் ஐபோன் குளித்துவிட்டு வந்ததாகத்தான் விளங்கிக்கொள்வார்கள்.

----

அனுப்பியவர்: அச்சுக்கூடம்
திங்கள், மாலை 6.55

தண்ணீர் புகாத ஐபோன்தான், குளிக்கலாம். :-) ஆனால் தலைப்பில் வேண்டாம் ஐயா. இங்கே 'ஆடி' என்று பெரிய எழுத்தில் போட்டாலே வாசகர் தள்ளுபடி விளம்பரம் என்று பக்கத்தைத் திருப்பிவிடுவார்.

----

அனுப்பியவர்: நெல்லைச்சீமை
திங்கள், இரவு 8.20

சிரியுங்கள். ஆனால் இலக்கணம் உங்கள் பக்கம் இல்லை. குளித்து என்ற பொருளில் வரும் நீராடி வினையெச்சம், அது வேற்றுமை உருபு ஏற்காது. நான் சொல்வது பெயர். நீராடியை, நீராடியால், நீராடியின். உருபு சேர்ந்ததும் மயக்கம் தீர்ந்தது. 'ஓடு' என்றால் கூரை ஓடா, ஓடச் சொல்கிறானா என்று எந்தத் தமிழனாவது திகைத்து நின்றதுண்டா?

----

அனுப்பியவர்: குடுவை
செவ்வாய், காலை 7.15

இத்தனை ஆண்டு வேதியியல் வகுப்பு எடுத்த உரிமையில் நுழைகிறேன்.

முதலில், கண்ணாடி ஒரு திரவம் என்று பலர் இன்னும் நம்புகிறார்கள். பழைய தேவாலயச் சன்னல்களில் அடிப்பக்கம் தடித்திருப்பது கண்ணாடி மெல்ல வழிந்ததால் என்பார்கள். தவறு. அந்தக் காலத்தில் கண்ணாடித் தகட்டை ஒரே தடிமனில் செய்யத் தெரியாது, தடித்த பக்கத்தைக் கீழே வைத்துப் பொருத்தினார்கள், அவ்வளவே. கண்ணாடி ஒழுங்கற்ற அணு அமைப்புள்ள திண்மம். ஆகவே 'திரவக் கண்ணாடி' என்று எழுதினால் ஏற்கெனவே உள்ள மூடநம்பிக்கைக்கு அச்சில் சான்றிதழ் கொடுத்தது ஆகும்.

இரண்டாவது, தமிழ்நாட்டுப் பாடநூலில் இப்போது நீர்மம் என்றும் இருக்கிறது. திண்மம், நீர்மம், வாயு. 'நீர்மக் கண்ணாடி' வேண்டுமானால் போடலாம், ஆனால் சோடியம் சிலிக்கேட் கரைசலை நாங்கள் அப்படித்தான் ஏறக்குறைய அழைப்போம். முட்டையைக் கெடாமல் வைக்க அந்தக் காலத்தில் அதில் போட்டு வைப்பார்கள். ஓட்டில் இருக்கும் நுண்துளைகளை அது அடைத்துவிடும். இதன் வேதிவினை சுவையானது, வேண்டுவோர் தனிமடல் இடுக.

----

அனுப்பியவர்: வன்னிக்காடு
செவ்வாய், காலை 9.02

எங்களுடைய இலங்கைப் பள்ளிப் புத்தகங்களில் திரவம்தான் அண்ணை. நீர்மம் என்றால் இங்கே மாணவனுக்குப் புதுச்சொல். கணினி, கணனி பஞ்சாயத்தே இன்னும் முடியவில்லை, இதில் இன்னொன்றா?

----

அனுப்பியவர்: புதுவரவு
செவ்வாய், காலை 9.40

குழுவுக்குப் புதியவன். 'நெகிழ்கண்ணாடி' எப்படி? ஓசையும் நன்றாக இருக்கிறது.

----

அனுப்பியவர்: மேக்கிறுக்கி
செவ்வாய், காலை 9.44

வருக. பிளாஸ்டிக்குக்கு நெகிழி என்று அரசே பெயர் வைத்துவிட்டதே! நெகிழ்கண்ணாடி என்றால் பிளாஸ்டிக் கண்ணாடி என்று படிப்பார்கள். லட்ச ரூபாய் கைபேசி.

----

அனுப்பியவர்: வன்னிக்காடு
செவ்வாய், மதியம் 12.30

வேலைக்கு நடுவில் ஒரு யோசனை. நாம் திரவத்தையே பிடித்துத் தொங்குகிறோம். இந்தத் தோற்றத்தின் குணம் என்ன? தன் பக்கத்தில் இருப்பதன் நிறத்தைத் தான் வாங்கிக் காட்டுவது. சிவப்புப் படத்தின் மேல் வந்தால் பொத்தானும் சிவக்கிறது, இருண்ட பக்கத்தின் மேல் வந்தால் எழுத்து தானாக வெள்ளையாகிறது. இதை வள்ளுவர் ஒரே குறளில் சொல்லிவிட்டார்:

அடுத்தது காட்டும் பளிங்குபோல் நெஞ்சம்
கடுத்தது காட்டும் முகம்.

ஆடி எதிரில் நிற்பதைத் திருப்பிக் காட்டும். பளிங்கு அடுத்திருப்பதைத் தன்னுள் வாங்கிக் காட்டும். ஆப்பிள் செய்திருப்பது இரண்டாவது. 'பளிங்கு' போதும். பளிங்குத் தோற்றம், பளிங்குப் பொத்தான், பளிங்குப் பட்டை.

----

அனுப்பியவர்: அச்சுக்கூடம்
செவ்வாய், மதியம் 12.41

அருமை! பத்தியில் அடங்குகிறது. ஆனால் எங்கள் அலுவலகத்தில் உரக்கச் சொல்லிப் பார்த்தேன். பளிங்கு என்றதும் எதிர் மேசைக்காரர் "தாஜ்மகாலா?" என்றார். இங்கே பளிங்கு என்றால் வெள்ளைக்கல், வீட்டுக்குத் தரை போடுகிற கல். ஒளி உள்ளே போகாது. என்ன செய்வது?

----

அனுப்பியவர்: குடுவை
செவ்வாய், பிற்பகல் 3.10

அந்த மயக்கம் பிற்காலத்தது. மணிமேகலையில் உவவனத்துப் பளிக்கறையை நினைத்துப் பாருங்கள். மணிமேகலை உள்ளே போய் இருந்துகொள்கிறாள், உதயகுமரன் வெளியிலிருந்து அவள் உருவத்தைப் பார்க்கிறான். உள்ளே இருப்பவரின் உருவம் வெளியே தெரியும், குரல் மட்டும் வெளியே வராது என்று சாத்தனார் தெளிவாகச் சொல்கிறார். சத்தம் புகாத கண்ணாடி அறை! வெள்ளைக்கல்லாக இருந்தால் உதயகுமரன் சுவரைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருப்பான்.

பளிங்கு ஸ்படிகம் என்பதிலிருந்து பிராகிருதம் வழியாக வந்தது என்பார்கள், அது வேறு கதை.

----

அனுப்பியவர்: நெல்லைச்சீமை
செவ்வாய், பிற்பகல் 3.25

வேறு கதை என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போக முடியாது. பள, பளபள, பளிச், பளிங்கு. வேர் கண்முன் நிற்கிறது. அங்கிருந்து இங்கே வந்ததா, இங்கிருந்து அங்கே போனதா என்பதை யார் முடிவு செய்தது?

----

அனுப்பியவர்: குடுவை
செவ்வாய், பிற்பகல் 3.31

ஐயா, பளபளப்பதெல்லாம் பளிங்கின் உறவென்றால் பல்லும் உறவுதான். அப்படியே நாலு மடல் போனால் ஆப்பிளும் தமிழ்ச்சொல் ஆகிவிடும்.

(இதன் பின் வேர் ஆராய்ச்சியில் வந்த பதினொரு மடல்களைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். - மட்டுறுத்துநர்)

----

அனுப்பியவர்: மேக்கிறுக்கி
புதன், காலை 8.50

வேர் தோண்டுவது தோண்டட்டும். வாசகருக்கு உண்மையில் வேண்டியதைச் சொல்கிறேன், தம்பி இதைக் கட்டாயம் சேர்க்கவும்.

என் அம்மாவின் ஐபோனில் பூட்டுத்திரைப் படம் என் மகளின் வெள்ளைப் பாவாடை. அதன் மேல் வந்த செய்தியில் பாதிப் புள்ளிகள் காணாமல் போய்விட்டன. ஆங்கில எழுத்து தடித்த கோடுகளால் ஆனது, பின்னணி எப்படி இருந்தாலும் ஓரளவு தாக்குப்பிடிக்கும். நமக்கோ ஒரு புள்ளியில் பொருளே மாறும். 'கண் பார்' 'கண பார்' ஆகிவிடுகிறது. ண, ன இவற்றின் சுழிகளும் வெளிச்சமான படத்தில் கரைந்துவிடுகின்றன.

தீர்வு இருக்கிறது. 26.1 பதிப்பிலிருந்து, அமைப்புகளில் திரையும் வெளிச்சமும் என்ற பகுதிக்குள் லிக்விட் கிளாஸ் என்றே ஒரு தெரிவு உண்டு. கிளியர், டின்டட் என்று இரண்டு. டின்டட் வைத்தால் பின்னணி அடர்த்தியாகி எழுத்து எடுப்பாகத் தெரியும். மேக்கில் இதே தெரிவு தோற்றம் பகுதியில். அதுவும் போதாதென்றால், அணுகல் வசதிகளுக்குள் போய் ஒளி ஊடுருவலைக் குறைக்கலாம்.

டஹோவில் மேலே இருக்கும் மெனு பார் என்ற பட்டியல் பட்டையும் முழுக்கத் தெளிவாகிவிட்டது. அதற்குப் பின்னணி வேண்டுமென்றால் மெனு பார் அமைப்புகளில் தனிப் பொத்தான் உண்டு. செயலிகளை எல்லாம் ஒரே திரையில் காட்டிய லாஞ்ச்பேடைத் தேடி அலைய வேண்டாம், எடுத்துவிட்டார்கள். கட்டளை விசையும் இடைவெளி விசையும் அழுத்தி ஸ்பாட்லைட் என்ற தேடல் பெட்டியைத் திறந்து, கட்டளையுடன் 4 அழுத்தினால் முன்பு நகலெடுத்தவை வரிசையாக வரும். ஒன்றை நகலெடுத்ததும் முந்தையது போயிற்றே என்று அலறுகிறவர்களுக்கு இந்த ஒன்றே போதும்.

----

அனுப்பியவர்: அச்சுக்கூடம்
புதன், காலை 9.15

பெரிய உதவி அக்கா. ஆனால் இப்போது கிளியர், டின்டட் இரண்டுக்கும் தமிழ் வேண்டும். தெளிவு, சாயம்?

----

அனுப்பியவர்: நெல்லைச்சீமை
புதன், காலை 9.50

சாயம் துணிக்கு. தெளி, அடர் என்று போடும்.

பளிங்கு பற்றி: பெரும்பான்மை அந்தப் பக்கம் சாய்வது தெரிகிறது. போகட்டும். ஆனால் 'பளிங்குப் பொத்தான்' என்று எழுதாதீர்கள். மென்தொடர்க் குற்றியலுகரம் சில வேற்றுமையில் தன் இன வன்தொடராகும். இரும்பு இருப்புப்பாதை ஆயிற்று, மருந்து மருத்துவர் ஆயிற்று. சாத்தனார் பளிங்கறை என்றா எழுதினார்? பளிக்கறை. ஆகவே பளிக்குப் பொத்தான், பளிக்குத் திரை.

----

அனுப்பியவர்: புதுவரவு
புதன், காலை 10.20

இரும்புக்கடையை இருப்புக்கடை என்று யாரும் எழுதுவதில்லையே ஐயா? 'சில' என்றுதானே விதி? மருத்துவரும் மருந்திலிருந்து நேரே புணர்ந்து வந்தவர் இல்லை என்றே நினைக்கிறேன்.

----

அனுப்பியவர்: குடுவை
புதன், காலை 10.24

புதுவரவு தேறிவிடுவார்.

----

அனுப்பியவர்: அச்சுக்கூடம்
வியாழன், பிற்பகல் 3.40

நேரமாகிவிட்டது. இப்படி முடித்திருக்கிறேன். முதல் இடத்தில் 'லிக்விட் கிளாஸ் என்று ஆப்பிள் அழைக்கும் பளிங்குத் தோற்றம்', பிறகு கட்டுரை நெடுகப் பளிங்கு. அமைப்புகளில் தட்ட வேண்டிய பெயர்கள் மட்டும் திரையில் உள்ளபடியே தமிழ் எழுத்தில், இல்லாவிட்டால் வாசகர் தேடித் தவிப்பார். தலைப்பு: 'பளிங்குத் திரையில் ஐபோன்'. தாஜ்மகால் சிக்கலுக்கு ஆசிரியரே வழி சொன்னார். பக்கத்தில் திரைப்படம் ஒன்று போடுகிறோம், கல் என்று யாரும் நினைக்க மாட்டார்கள்.

----

அனுப்பியவர்: மேக்கிறுக்கி
வியாழன், பிற்பகல் 3.52

'திரைப்படம்' என்பதைத் திரைக்காட்சி என்று மாற்றிவிடுங்கள், படக்குறிப்பில் அப்படியே போய்விடப் போகிறது. பளிங்குக்கு எனக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை. அடுத்த ஆண்டு அவர்கள் தோற்றத்தை மாற்றினால் பெயரும் போய்விடும், நாம் கல்லோடு நிற்போம். 2000இல் மேக்கின் திரைக்கு அக்வா என்ற தோற்றம் வந்தபோது, பார்த்தால் நக்கத் தோன்ற வேண்டும் என்பதும் ஒரு நோக்கம் என்று ஜாப்ஸ் மேடையில் சொன்னார். அந்த அக்வா இப்போது எங்கே? ஆனாலும் சரி, அச்சுக்குப் போகட்டும்.

----

அனுப்பியவர்: நெல்லைச்சீமை
வியாழன், மாலை 4.15

பளிக்கு. என் மறுப்பைப் பதிவு செய்யவும். என் வலைப்பதிவில் நான் நீராடி என்றுதான் எழுதப் போகிறேன், உருபு சேர்த்து.

----

அனுப்பியவர்: மட்டுறுத்துநர்
வியாழன், மாலை 4.30

பதிவாயிற்று ஐயா. சொற்பட்டியலில் 'பளிங்குத் தோற்றம்', பக்கத்தில் 'மாற்றுக் கருத்து உண்டு' என்று சேர்க்கிறேன். ஐபோன் திரையின் மேலே இருக்கும் டைனமிக் ஐலண்டுக்கு 2022இல் தொடங்கிய இழை இன்னும் திறந்தேதான் இருக்கிறது. தீவா, திட்டா, துருத்தியா என்று தொடர விரும்புவோர் அங்கே போகவும்.