லோடு ஏத்தினா டயர்ல காத்து எவ்வளவு வைக்கணும்? கேஜ்ல 33 காட்டியும் வண்டி தள்ளாடுது

புத்தகப்புழு:
வீடு மாத்துறோம். கட்டில், பீரோ எல்லாம் லாரியில போயிடுச்சு. புத்தகத்தை மட்டும் அடுத்தவங்க கையில குடுக்க மனசு வரல. அதனால 11 அட்டைப்பெட்டியை கார்லயே ஏத்தினேன். எட்டு டிக்கியில, மூணு மேல கேரியர்ல. உள்ள நான், மனைவி, அப்பா, ரெண்டு பசங்க.

கிளம்புறதுக்கு முன்னாடி நாலு டயர்லயும் 33 பிஎஸ்ஐ. எல்லாம் ஏத்தி முடிச்சு மறுபடி கேஜ் வெச்சேன், அப்பவும் 33 தான். டயருக்கு இந்த எடை ஒரு பொருட்டே இல்ல போலன்னு நினைச்சுட்டேன். ரோட்டுல ஏறினதும் ஸ்டியரிங் லேசா மிதக்குற மாதிரி இருந்துச்சு. லேன் மாத்தினா முன்பக்கம் போய், ஒரு கணம் கழிச்சுத்தான் பின்பக்கம் வருது. லோ பீம்ல போயும் எதிர்ல வர்றவங்க எனக்கு லைட் அடிச்சுக்கிட்டே இருந்தாங்க.

ரெண்டு மணி நேரம் ஓட்டி நிறுத்திப் பார்த்தா பின் டயர்ல கை வைக்க முடியல. கேஜ்ல 39. பயந்துபோய் 33க்கு இறக்கி விட்டேன். டேஷ்போர்டுல எச்சரிக்கை லைட் எதுவும் எரியல.

டயர்ல 185/65 ஆர்15 88எச்னு போட்டிருக்கு. 88ன்னா ஒரு டயர் 560 கிலோ தாங்குமாம். நாலுக்கும் சேர்த்து 2,240. காரோட அதிகபட்ச மொத்த எடையே 1,460 தான். அப்புறம் எதுக்கு இந்தத் தள்ளாட்டம்? இன்னும் 14 பெட்டி பாக்கி இருக்கு.

பாதிகியர்:
பின்னாடி ரெண்டுலயும் 45 அடிச்சுட்டுப் போங்க பாஸ். டயர் சுவர்லயே மேக்ஸ் 51னு எழுதியிருக்கும். நான் எப்பவும் அப்படித்தான்.

சக்கரவர்த்தி:
பாதிகியர், அந்த 51 டயர் கம்பெனி போட்ட உச்சவரம்பு. அதே டயரை நாலு வகை வண்டியில மாட்டுவாங்க, உங்க வண்டி எதுன்னு அதுக்குத் தெரியாது. உங்க டயர்ல நடுப்பட்டை மட்டும் தேய்ஞ்சிருக்கான்னு போய்ப் பாருங்க.

புத்தகப்புழு, 19 வருஷம் டயர் கழட்டி மாட்டின கை இது. நீங்க செஞ்சதுல ஒண்ணை முதல்ல சொல்லிடறேன்: சூடா இருக்கும்போது காத்தை இறக்கினது. ஓட ஓட காத்து சூடாகி அழுத்தம் ஏறத்தான் செய்யும். 39ல இருந்து ஆறு இறக்கினீங்க. டயர் ஆறினதும் அளந்தா 28 பக்கம் நிக்கும். எவ்வளவு காத்து வைக்கணும்னு வண்டியில ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர்ல போட்டிருக்கிற எண் எல்லாமே குளிர்ந்த டயருக்கு, அதாவது வண்டி மூணு மணி நேரமாவது நின்ன பிறகு அளக்கிறதுக்கு.

அடுத்து, லோடு ஏத்தியும் கேஜ் ஏறாதது. ஏறாதுங்க. எடை ஏறினா டயர் கீழே இன்னும் கொஞ்சம் தட்டையாகி, தரையில பதியிற இடம் பெருசாகும். அவ்வளவுதான். உள்ளே இருக்கிற காத்தோட கொள்ளளவு பெருசா சுருங்காது, அதனால கேஜ் அதே 33ஐக் காட்டும். அவதி பக்கச் சுவருக்குத்தான். உங்க டயரோட சுற்றளவு கிட்டத்தட்ட 1.95 மீட்டர். 80 கிலோமீட்டர் வேகத்துல அது நொடிக்கு 11 தடவை சுத்துது, சுவரோட ஒவ்வொரு இடமும் 11 தடவை மடங்கி நிமிருது. காத்து குறைவா, எடை அதிகமா இருந்தா மடிப்பு ஆழமாகும். உங்க கையைச் சுட்டது அந்தச் சூடுதான். ரப்பரும் உள்ளே இருக்கிற கம்பியும் பிரிஞ்சு வர்றது இப்படித்தான் ஆரம்பிக்கும். நான் கழட்டின சில டயர்ல உள்பக்கம் கரிப்பொடி மாதிரி ரப்பர் தூள் கொட்டியிருக்கும், வெளியே பார்த்தா புதுசு மாதிரி பளபளன்னு இருக்கும்.

560 கிலோ கணக்குக்கு வர்றேன். டயர் அதுக்கு வகுத்த முழு அழுத்தத்துல இருந்தாத்தான் அந்த 560. காத்து குறைஞ்சா தாங்குற எடையும் குறையும். தவிர, உங்க பெட்டி நாலு டயருக்கும் சமமா பங்கு போகாது. டிக்கி பின் அச்சுக்குப் பின்னாடி தொங்குது. அங்கே அழுத்தினா முன்பக்கம் தூக்கும். ஸ்டியரிங் மிதந்ததும் லைட் எதிராளி கண்ணுல அடிச்சதும் அதனாலதான்.

டிரைவர் கதவைத் திறந்தா தூண்ல ஒரு ஸ்டிக்கர் இருக்கும். சில வண்டியில பெட்ரோல் மூடிக்குள்ள. ரெண்டு வரிசை இருந்தா முழு லோடு வரிசையைப் பார்த்து எழுதுங்க. வண்டியோட காலி எடை, ஆட்களோட எடை, பெட்டி எடையும் வேணும். குளியலறைத் தராசு போதும்.

புத்தகப்புழு:
ஸ்டிக்கர் இருக்கு! இத்தனை வருஷமா அந்தக் கதவைத் திறக்கிறேன், கண்ணுல பட்டதே இல்ல. சாதாரண லோடு 33/33. முழு லோடு முன்னாடி 35, பின்னாடி 41.

காலி எடை 1,040, டிரைவரைச் சேர்க்காம. நான் 78, மனைவி 62, அப்பா 70, பசங்க 35, 28. பெட்டி சராசரியா 18 கிலோ.

சக்கரவர்த்தி:
1,460ல 1,040 போனா மிச்சம் 420. ஆட்கள் 273. பெட்டி 198. ஆக 471. காத்து எவ்வளவு அடிச்சாலும் அந்த 51 கிலோவுக்கு இடமில்ல. பிரேக், ஸ்பிரிங், அச்சு எல்லாம் 1,460ஐ வெச்சுத்தான் செஞ்சிருக்கு. கூரைக்குத் தனி வரம்பு உண்டு, மேனுவல்ல 50ன்னு இருந்தா கேரியரோட எடையும் அதுக்குள்ளதான். மூணு பெட்டியே 54.

நிலாவெளிச்சம்:
டயர்ல காத்து குறைஞ்சா டேஷ்போர்டுல எரியிற எச்சரிக்கை லைட் ஏன் எரியலன்னு யாரும் சொல்லலையே. 2000ல அமெரிக்காவுல ஃபயர்ஸ்டோன் 65 லட்சம் டயரைத் திரும்பப் பெற்ற விவகாரத்துக்குப் பிறகுதான் அங்கே அந்த லைட்டைக் கட்டாயமாக்கினாங்க. அந்த விதிப்படி குறிப்பிட்ட அழுத்தத்துல 25 சதவீதம் குறைஞ்சா எரிஞ்சாகணும். 33க்கு அது 25 பக்கம் வருது. உங்களுது 28, அதனால கம்முனு இருக்கும். 41 வேண்டிய இடத்துல 28 இருக்குன்னு அதுக்கு எப்படித் தெரியும்? இறக்கினதும் ரீசெட் பட்டனை வேற அழுத்தலையே? அழுத்தினா அப்ப இருக்கிற காத்தையே சரியான அளவுன்னு எடுத்துக்கும்.

புத்தகப்புழு:
அழுத்தினேன். மறைக்கல.

இன்னிக்குக் காலையில அளந்தேன், பின்னாடி 27, 28. சக்கரவர்த்தி அண்ணே, நீங்க சொன்ன மாதிரியே. முன்னாடி 35, பின்னாடி 41 வெச்சு, அப்புறம் ரீசெட் பண்ணினேன். குடும்பம் இங்கேயே இருக்கு. நான் மட்டும் போய் 14 பெட்டியை எடுத்துட்டு வரேன். 252 கிலோவும் நானும் சேர்த்து 330. கனமான பெட்டியை பின்சீட்டுக்குக் கீழே, கால் வைக்கிற இடத்துல வெச்சுக்கலாம்னு இருக்கேன். கேரியரைக் கழட்டிட்டேன்.

அப்படியே ஸ்டெப்னியையும் பார்த்தேன். அதும்மேல 60 பிஎஸ்ஐன்னு எழுதியிருக்கு. உள்ளே 17.