கோழி அடைப்புல செடி வெச்சது: 4 மாசம் கழிச்சு அப்டேட்

ஜூன்ல கேட்டிருந்தேன்ல, 20க்கு 12 அடி கம்பிவலை அடைப்பு, உள்ள 9 நாட்டுக்கோழி, ஒரு புல்லு விடாம கிளறி வெறும் மண்ணாக்கிடுச்சுங்க, எந்தச் செடி தாங்கும்னு. நிறைய பேர் பதில் சொன்னீங்க, ரொம்ப நன்றிங்க.

முதல்ல வெச்ச செம்பருத்திய ரெண்டே நாள்ல மொட்டையாக்கிடுச்சுங்க, இலையத் தின்னதவிட வேரப் பறிச்சதுதான் அதிகம். அப்புறம்தான் புரிஞ்சுது, செடி எதுங்கறதவிட அடிமண்ண மூடறதுதான் முக்கியம்னு. இப்போ ஒவ்வொரு தூருக்கும் சுத்தி உடைஞ்ச ஓடு, பெரிய கல்லு அடுக்கி, வேர் பிடிக்கிற வரைக்கும் கம்பிவலைய வளையமா போட்டு வெச்சேன். லெமன்கிராஸும் வெட்டிவேரும் அருமையா நிக்குது, வெட்டிவேர் நேரா கீழ ஆழமா எறங்கும்ங்கறதால எவ்வளவு கிளறுனாலும் அசையல, மழைக்கு மண்ணு கரையறதும் நின்னுச்சு. கற்பூரவள்ளிய கோழி மோந்துகூட பாக்கல.

நிழலுக்கு முருங்கைப் போத்து நாலு நட்டேன், மூணு துளிர்த்துடுச்சு, உதிர்ற இலைய அதுங்களே பொறுக்கித் தின்னுக்குது. அரளி மட்டும் வெச்சிடாதீங்க, தாங்குற செடிதான் ஆனா முழுக்க விஷம். ஒரு மூலைய வெறும் புழுதியா விட்டுட்டேன், மத்தியானம் ஒம்பதும் அங்கதான் மண்ணுல புரளுது, பாக்கவே அவ்ளோ சந்தோஷமா இருக்கு.