தள்ளுபடியில் கேமிங் மினி பிசி: உள்ளேயே வைரஸ் வருமாமே, வாங்கலாமா?

வேளச்சேரி_வாலரண்ட் (கேள்வி)

வணக்கம் மக்களே. ஏஎம்டி ரைசன் 7 7840எச்எஸ் ப்ராசஸர் போட்ட ஒரு மினி பிசி பார்த்து வெச்சிருக்கேன். ரேடியான் 780எம் கிராபிக்ஸ், 32 ஜிபி டிடிஆர்5, 1 டிபி எஸ்எஸ்டி, விண்டோஸ் 11 ப்ரோ போட்டே வருது. ஆன்லைன்ல 68,000னு போட்டு அடிச்சிட்டு 41,500க்குத் தர்றாங்க. அதே மாடல் நம்ம எலக்ட்ரானிக்ஸ் மார்க்கெட் ரிச்சி ஸ்ட்ரீட்ல ஓப்பன் பாக்ஸ் (ஏற்கெனவே பிரிச்ச பெட்டி) 37,000. ரேம், எஸ்எஸ்டி இல்லாத வெறும் பெட்டியும் கிடைக்குது, 29,000. பிராண்ட் பேரு ஊர்ல யாருக்கும் தெரியாது.

வாலரண்ட், சிஎஸ்2, 1080பில மத்த சில கேம்ஸ், அவ்ளோதான் தேவை. சந்தேகமெல்லாம் செக்யூரிட்டி பத்தித்தான். இந்த மாதிரி பெட்டிகள்ல ஃபேக்டரியிலேயே மால்வேர் இருந்துச்சுன்னு படிச்சேன். வீட்ல ஒரே வைஃபைலதான் அப்பாவோட நெட் பேங்கிங், தங்கச்சியோட ஆபீஸ் லேப்டாப் எல்லாம் ஓடுது. வாங்கினதும் "ரீசெட் திஸ் பிசி" குடுத்தா போதுமா? இல்ல இந்தப் பக்கமே தலை வெச்சுப் படுக்கக் கூடாதா?

பூட்_ஆர்டர்

ரீசெட் போதாது. நீங்க படிச்ச விவகாரம் 2024 தொடக்கத்தில் வெளிவந்த, ஏஸ்மேஜிக் என்ற மினி பிசி பிராண்டின் விவகாரமா இருக்கும். அதில் பிளாடாபிண்டி, ரெட்லைன் என்ற இரண்டு மால்வேர்கள், எஸ்எஸ்டியில் விண்டோஸை மீட்க ஒதுக்கிய ரெகவரி பகுதிக்குள்ளேயே இருந்தன. நிறுவனமும் ஒப்புக்கொண்டது. ரீசெட் என்பது டிஸ்க்கில் உள்ள பார்ட்டிஷன்களை (பிரிவுகளை) அப்படியே விட்டுவிட்டு விண்டோஸை மட்டும் புதுசாக்கும் வேலை. ரெகவரி பகுதியே கெட்டிருந்தால், திருடனிடமே சாவியைக் கொடுத்துப் பூட்டச் சொன்ன கதைதான். விண்டோஸின் சொந்த ஆன்டிவைரஸான டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேனும் அதே ரெகவரி சூழலில்தான் பூட் ஆகும் என்பதால் அதன் பதிலையும் இங்கே முழுசாக நம்ப மாட்டேன்.

ரெட்லைன் எடுப்பது பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்ட், ஆட்டோஃபில், முக்கியமாக குக்கீ, அதாவது நீங்கள் லாகின் ஆனதைத் தளம் நினைவில் வைக்க உதவும் சின்னத் தகவல். குக்கீ போனால் ஓடிபி காப்பாற்றாது. ஏற்கெனவே லாகின் ஆன செஷனையே தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். அதனால் வந்த பெட்டியை "சும்மா ஒரு தடவை ஆன் பண்ணிப் பார்ப்போம்" என்று ஜிமெயில் போட்டு லாகின் பண்ணாதீர்கள்.

பெட்டி வருவதற்கு முன்பே, நம்பகமான வேறு கணினியில் மைக்ரோசாஃப்ட் தளத்தின் மீடியா கிரியேஷன் டூலை வைத்து 8 ஜிபி பென்டிரைவில் விண்டோஸ் 11 போட்டு வைத்துக்கொள்ளுங்கள். சிப்செட், கிராபிக்ஸ் டிரைவரை ஏஎம்டி தளத்திலிருந்தே எடுங்கள். விற்பவர் அனுப்பும் கூகுள் டிரைவ் லிங்க் வேண்டாம்.

வந்ததும் வைஃபை பாஸ்வேர்ட் கொடுக்காமல், லேன் கேபிள் செருகாமல் ஒரே ஒரு முறை ஆன் பண்ணுங்கள். கமாண்ட் ப்ராம்ப்டில் எஸ்எல்எம்ஜிஆர், ஒரு ஸ்பேஸ், ஸ்லாஷ், டிஎல்ஐ என்று அடித்தால் லைசென்ஸ் வகை காட்டும். "ஓஇஎம் டிஎம்" என்று வந்தால் சாவி பயாஸிலேயே (போர்டு சிப்பில் இருக்கும், விண்டோஸுக்கு முன்பே ஓடும் புரோகிராம்) இருக்கிறது. எத்தனை தடவை அழித்தாலும் நெட் கிடைத்ததும் தானே ஆக்டிவேட் ஆகும். "வால்யூம்" என்று ஆரம்பித்தால் அது கம்பெனிகளுக்கு மொத்தமாகக் கொடுக்கும் லைசென்ஸ். அழித்த பிறகு திரும்ப வராது, முறைப்படி உங்களுக்கு உரியதும் கிடையாது. அந்த 41,500 விலையில் இது ஒளிந்திருக்க வாய்ப்பு அதிகம். விண்டோஸ் தனியாக வாங்கும் காசையும் கணக்கில் சேருங்கள்.

பிறகு பென்டிரைவில் பூட் செய்து, முதல் திரையிலேயே ஷிஃப்ட்+எஃப்10 அழுத்தி, வரும் கமாண்ட் திரையில் டிஸ்க்பார்ட் என்று அடியுங்கள். பிறகு வரிசையாக லிஸ்ட் டிஸ்க், செலக்ட் டிஸ்க், கிளீன். டிஸ்க் எண்ணை அளவு பார்த்துத் தேர்ந்தெடுங்கள். பென்டிரைவே 0 ஆக வருவதும் உண்டு. பார்ட்டிஷன் ஒன்றுகூட மிச்சமில்லாமல் "அன்அலொகேட்டட்" என்று வந்த பிறகுதான் இன்ஸ்டால்.

இங்கேதான் நிறைய பேர் மாட்டுவார்கள்: விண்டோஸ் 11 செட்டப் நெட் கேட்கும், ஆனால் வைஃபை கார்டுக்கோ 2.5ஜி லேனுக்கோ டிரைவர் இருக்காது. ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பியில் இணைத்து டெதரிங் ஆன் செய்தால் பெரும்பாலும் டிரைவர் எதுவும் கேட்காமல் வேலை செய்யும்.

அண்ணாசாலை_ஆம்பியர்

சைனா பெட்டின்னாலே உளவு பாக்கும்னு ஒரு பேச்சு ஓடுது. தல, நீங்க கடையில பாக்குற பெரிய பிராண்ட் போர்டுலயும் பாதிக்கு மேல அங்க செஞ்சதுதான். மதர்போர்டுல ரகசிய சிப் வெச்சு உங்க வாலரண்ட் ரேங்கைப் பாக்க யாருக்கும் நேரமில்ல. ஏஸ்மேஜிக் தரப்பு சொன்ன விளக்கத்தையே எடுத்துக்குங்க: பூட் வேகமா ஆகணும்னு சாஃப்ட்வேர் ஆளுங்க விண்டோஸைக் கைவெச்சு மாத்துனாங்களாம். யாரோ அலட்சியமா ரெடி பண்ண இமேஜ், ஆயிரக்கணக்குல காப்பி ஆகுது. அவ்ளோதான் சங்கதி.

என்னைக் கேட்டா 29,000 பெட்டிதான். எஸ்எஸ்டியே இல்லைன்னா அதுல என்ன இருந்துச்சுன்னு தேடுற வேலையே இல்ல. ரேமை 16+16னு ரெண்டு ஸ்டிக்கா போடுங்க. ஒத்த ஸ்டிக் போட்டா 780எம்முக்கு மெமரி பேண்ட்வித் பாதியாயிடும், ஃபிரேம் ரேட் படுத்துரும். வாங்கறதுக்கு முன்னாடி அன்னைக்கு ரேம் விலை என்னன்னு பாத்துட்டு மொத்தக் கணக்கு போடுங்க, அது நிலையா நிக்கிற விலை இல்ல.

வேளச்சேரி_வாலரண்ட்

ரெண்டு பேருக்கும் நன்றி. எஸ்எஸ்டி விஷயம் புரிஞ்சுது. பயாஸுக்குள்ளேயே ஏதாவது இருந்தா? அதை எப்படி அழிக்கிறது?

மொட்டைமாடி_லினக்ஸ்

கேட்க வேண்டிய கேள்வி இதுதான். எஸ்எஸ்டி ஒரு மணி நேர வேலை. பயாஸை நீங்கள் அழிக்க முடியாது, தயாரித்தவர் கொடுக்கும் ஃபைலை வைத்துப் புதுப்பிக்க மட்டுமே முடியும். ஆகவே வாங்குவதற்கு முன்பே அந்த பிராண்டின் சப்போர்ட் பக்கத்துக்குப் போய், உங்கள் மாடலின் பெயரிலேயே பயாஸ் ஃபைல் இருக்கிறதா, கடைசித் தேதி என்ன என்று பாருங்கள். பக்கமே இல்லை, "மெயில் அனுப்பினால் தருவோம்" என்றால் அந்தத் தள்ளுபடியை மறந்துவிடலாம். நான் இந்த ஒரு விஷயத்தில் கறார்.

தேதி ஏன் முக்கியம் என்றால், 2024 ஆகஸ்டில் சிங்க்குளோஸ் என்ற ஏஎம்டி ஓட்டை வெளியானது. ஏற்கெனவே விண்டோஸின் மையமான கெர்னல் வரை புகுந்த ஒருவன் அதற்கும் கீழே போய் உட்கார்ந்துகொள்ள வழி விடும் ஓட்டை. அங்கே உட்கார்ந்துவிட்டால் விண்டோஸை அழித்தாலும் போகாது. உங்கள் ரைசன் 7040 வரிசையும் பட்டியலில் உண்டு. எம்எஸ்இன்ஃபோ32 திறந்தால் பயாஸ் தேதி தெரியும். கடையில் ஓப்பன் பாக்ஸ் பெட்டியை ஆன் செய்து காட்டச் சொல்லி இதைப் பார்க்க அரை நிமிடம் போதும். 2023 தேதி காட்டினால் அதற்கு ஒட்டுப்போட்டிருக்க வழியே இல்லை.

அடுத்தது டபிள்யூபிபிடி. பயாஸுக்குள் ஒரு விண்டோஸ் புரோகிராமை வைத்து, ஒவ்வொரு பூட்டிலும் விண்டோஸே அதை எடுத்து ஓட்டும்படி செய்ய மைக்ரோசாஃப்ட் முறைப்படி கொடுத்திருக்கும் வசதி. சுத்தமாக இன்ஸ்டால் செய்த பிறகும் ஏதோ ஒரு ஆப் தானாக வந்து நிற்கிறதென்றால் பெரும்பாலும் இந்த வழிதான். பேர் தெரியாத பிராண்ட் மட்டும் செய்வதல்ல: 2015-ல் லெனோவோ இதில் மாட்டியது, கிகாபைட் போர்டுகளின் ஃபர்ம்வேர் (பயாஸ்) இப்படி இறக்கிவிட்ட புரோகிராம் பாதுகாப்பில்லாத இணைப்பில் அப்டேட் தேடுவதை எக்ளிப்சியம் என்ற பாதுகாப்பு நிறுவனம் 2023 மே மாதம் வெளியிட்டது.

கண்டுபிடிக்க எளிய வழி: ஏதாவது லினக்ஸ் லைவ் பென்டிரைவில் பூட் செய்து, சிஸ் > ஃபர்ம்வேர் > ஏசிபிஐ > டேபிள்ஸ் ஃபோல்டரைத் திறங்கள். அங்கே டபிள்யூபிபிடி என்ற பெயரில் ஃபைல் இருந்தால் இந்தப் பெட்டியில் அந்த வசதி பயன்பாட்டில் இருக்கிறது. அதே ஃபோல்டரில் எம்எஸ்டிஎம் இருந்தால் பூட்_ஆர்டர் சொன்ன விண்டோஸ் சாவி பயாஸில் இருக்கிறது என்று பொருள். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். விண்டோஸிலேயே பார்க்க வேண்டுமென்றால் சிஸ்டம்32 ஃபோல்டரில் டபிள்யூபிபிபின் என்ற இஎக்ஸ்இ இருக்கிறதா பாருங்கள். நிறுத்துவதற்கு ரெஜிஸ்ட்ரியில் செஷன் மேனேஜர் கீயின் கீழ் "டிசேபிள் டபிள்யூபிபிடி எக்ஸிகியூஷன்" என்ற பெயரில், ஸ்பேஸ் இல்லாமல், ஒரு டிவேர்ட் (எண் மதிப்பு) போட்டு மதிப்பை 1 ஆக்குங்கள். விண்டோஸ் முதல் பூட்டிலேயே ஓட்டிவிடும் என்பதால் இது இரண்டாவது பூட்டிலிருந்துதான் உதவும். ஆகவே முதல் பூட் நெட் இல்லாமல் இருப்பது நல்லது. செட்டப் விடாப்பிடியாக நெட் கேட்டால் போன் டெதரிங்கே கொடுங்கள், வீட்டு வைஃபை வேண்டாம்.

செக்யூர் பூட் (கையெழுத்திட்ட புரோகிராம்களை மட்டும் பூட் ஆக விடும் வசதி) ஆன் என்று காட்டினால் மட்டும் நிம்மதி அடைய வேண்டாம். 2024 ஜூலையில் வெளியான பிகேஃபெயில் என்ற ஓட்டையில், பயாஸ் தயாரிக்கும் ஏஎம்ஐ நிறுவனம் சோதனைக்காகக் கொடுத்த சாவியை மாற்றாமலே பல நிறுவனங்கள் பெட்டியை விற்றது தெரிந்தது. அந்தச் சாவியின் பெயரிலேயே "டூ நாட் ட்ரஸ்ட்" என்று எழுதியிருக்கும், அப்படியும் யாரும் கவனிக்கவில்லை. பயாஸில் கீ மேனேஜ்மென்ட் பகுதிக்குப் போய் பிளாட்ஃபார்ம் கீ விவரத்தைத் திறந்து பாருங்கள். அந்த வாசகம் இருந்தால் புது பயாஸ் கேளுங்கள், இல்லையென்றால் திருப்பிக் கொடுங்கள்.

செக்யூர் பூட்டை அணைத்துவிட்டு விளையாடவும் முடியாது. விண்டோஸ் 11-ல் வாலரண்டின் ஏமாற்றுத் தடுப்பு புரோகிராமான வேன்கார்டு, டிபிஎம் 2.0 (சாவிகளைக் காக்கும் பாதுகாப்பு வசதி), செக்யூர் பூட் இரண்டையும் கட்டாயம் கேட்கும்.

ஃபிளாஷ்_புரோகிராமர்

மேலே சொன்னதெல்லாம் சரி. பயாஸ் அப்டேட் செய்யும்போது கரண்ட் போனால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். லேப்டாப் மாதிரி உள்ளே பேட்டரி கிடையாது. நம்ம ஊர் வெயில் காலத்தில் சாயந்தரம் ஃபேஸ் போவது சாதாரணம், யூபிஎஸ் இல்லாமல் தொடாதீர்கள். வீட்டு இன்வெர்ட்டர் என்றால் பின்னால் உள்ள சுவிட்சை யூபிஎஸ் மோடில் வையுங்கள். மற்ற மோடில் மாறும் இடைவெளியிலேயே பெட்டி ரீஸ்டார்ட் ஆகிவிடலாம்.

வெளித்தோற்றம் ஒரே மாதிரி இருக்கும் வேறு மாடலின் ஃபைலைப் போட்டுவிடாதீர்கள். ஒரே பெட்டியை மூன்று பிராண்ட் பெயரில் விற்பார்கள், உள்ளே போர்டு ரிவிஷன் வேறாக இருக்கும். மாற்றிப் போட்டு டெட் ஆனால், ரிச்சி ஸ்ட்ரீட் சிப் லெவல் சர்வீஸ் கடைகளில் சிஎச்341ஏ புரோகிராமரும் (சிப்பில் நேரடியாக எழுதும் கருவி) 8 கால் கிளிப்பும் வைத்து எழுதித் தருவார்கள். முதலில் சிப்பின் மேல் உள்ள எண்ணைப் படித்து வோல்டேஜ் பார்க்கச் சொல்லுங்கள். 1.8 வோல்ட் சிப்புக்கு அடாப்டர் இல்லாமல் 3.3 வோல்ட் கொடுத்தால் சிப்பே போய்விடலாம்.

இன்னொன்று, பயாஸை டம்ப் (முழு நகல்) எடுத்து தளத்தில் உள்ள ஃபைலோடு ஹாஷ் (ஃபைலின் கைரேகை மாதிரியான எண்) ஒப்பிட்டுப் பார்க்க நினைப்பவர்களுக்கு: கண்டிப்பாக ஒத்துப்போகாது. சீரியல் எண், செட்டிங்ஸ் எல்லாம் அதே சிப்பில்தான் எழுதப்படும். பயாஸ் ஃபைலைப் பிரித்துக் காட்டும் யூஇஎஃப்ஐ டூலில் இரண்டையும் திறந்து மாட்யூல் மாட்யூலாகப் பார்த்தால்தான் அர்த்தம். ஹாஷ் மாறியிருக்கிறது என்று பதற வேண்டாம்.

வேளச்சேரி_வாலரண்ட்

அப்போ 37,000 ஓப்பன் பாக்ஸ் வேணாம், வெறும் பெட்டி இல்லன்னா 41,500னு நினைக்கிறேன். ஒருவேளை 41,500 எடுத்தா, எஸ்எஸ்டியை அழிச்சிட்டு அப்புறம் பெட்டியில வேற பிரச்சினைன்னா ரிட்டர்ன் எடுப்பாங்களா? வைஃபைக்கு என்ன பண்றது?

பூட்_ஆர்டர்

நான் முதலில் கிளீன் செய்யச் சொன்னதை மாற்றிக்கொள்கிறேன்: ரிட்டர்ன் வேண்டுமென்றால் பெட்டியோடு வந்த எஸ்எஸ்டியை நேரடியாக அழிக்காதீர்கள். கழற்றி ஆன்டிஸ்டாட்டிக் கவரில் போட்டு ரிட்டர்ன் கெடு முடியும் வரை வைத்துவிட்டு, வேறு எம்.2 2280 எஸ்எஸ்டியில் விண்டோஸ் போடுங்கள். மூடியின் ஸ்க்ரூ மேல் வாரண்டி ஸ்டிக்கர் இருந்தால் மட்டும், கழற்றுவதற்கு முன் விற்பவரிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். கழற்ற வழியில்லை என்றால் குளோன்ஜில்லா என்ற டிஸ்க் நகலெடுக்கும் கருவியில் முழு டிஸ்க்கையும் வெளி ஹார்டு டிஸ்க்குக்கு இமேஜ் எடுத்துவிட்டு அழிக்கலாம். ஜிஎஸ்டி பில்லில் சீரியல் எண் ஏறியிருக்க வேண்டும். அடாப்டரில் பிஐஎஸ் (இந்திய தர நிர்ணய அமைப்பு) முத்திரையும் ஆர் எழுத்தோடு 8 இலக்கப் பதிவு எண்ணும் இருக்கிறதா பாருங்கள். பிஐஎஸ் கேர் ஆப்பில் அடித்தால் யார் பெயரில் பதிவு என்று காட்டும்.

ரவுட்டரில் கெஸ்ட் வைஃபை ஆன் செய்து இந்தப் பெட்டியை அதில் மட்டும் விடுங்கள். பிறகு இதிலிருந்து ரவுட்டரின் அட்மின் பக்கத்தைத் திறந்து பாருங்கள். திறந்தால் அந்த கெஸ்ட் பெயருக்குத்தான் கெஸ்ட். ஃபைபர் கம்பெனிகள் தரும் சில ரவுட்டர்களில் அப்படித்தான். அப்போது பழைய ரவுட்டர் ஒன்றை எடுத்து ஃபைபர் பெட்டியோடு இணைத்து, வீட்டுச் சாதனங்களை அதன் பின்னால் வையுங்கள், மினி பிசியை ஃபைபர் பெட்டியிலேயே விடுங்கள். இடம் மாற்றிப் போட்டால் பயனில்லை, பின்னால் இருப்பவரிடமிருந்து முன்னால் உள்ளதை எட்ட முடியும்.

மொட்டைமாடி_லினக்ஸ்

ஒன்று விட்டுப்போச்சு. மைக்ரோசாஃப்ட் கணக்கில் லாகின் செய்து விண்டோஸ் 11 24எச்2 புதுசாகப் போட்டால் டிஸ்க் என்க்ரிப்ஷன் கேட்காமலே ஆன் ஆகிவிடும். அதன் பிறகு பயாஸ் அப்டேட் செய்தால் ஏஎம்டியின் ஃபர்ம்வேர் டிபிஎம் ரீசெட் ஆகி, அந்த என்க்ரிப்ஷனான பிட்லாக்கரின் 48 இலக்க ரெகவரி கீ கேட்டு நிற்கலாம். பயாஸை முதலில் அப்டேட் செய்துவிட்டு விண்டோஸ் போடுவதே வசதி. பின்னால் அப்டேட் வந்தால், அதற்கு முன் பிட்லாக்கரை சஸ்பெண்ட் செய்து, கீயை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.