1903 ‘தி கால் ஆஃப் தி வைல்ட்’: முதல் அச்சுதானா? உறை மேல் சந்தேகம்

வடதிசை: வணக்கம். நியூ ஜெர்சியில் ஒரு பழைய வீட்டைக் காலி செய்து சாமான்களை விற்கிறார்கள். அங்கே அமெரிக்க எழுத்தாளர் ஜாக் லண்டனின் ‘தி கால் ஆஃப் தி வைல்ட்’ நாவல் கண்ணில் பட்டது. பச்சைத் துணி அட்டை, அதில் பனியில் வண்டி இழுக்கும் நாய்கள். தலைப்புப் பக்கத்தில் 1903. மேலே தாள் உறையும் இருக்கிறது. “முதல் பதிப்பு, ஒரிஜினல் உறை” என்கிறார் விற்பவர். உறைக்காகவே விலையைப் பல மடங்கு ஏற்றி வைத்திருக்கிறார். உள்ளே பென்சிலில் ஒருவர் பெயரும் ‘கிறிஸ்துமஸ் 1903’ என்ற குறிப்பும் உண்டு. இதை நம்பி வாங்கலாமா? முன் அட்டை கொஞ்சம் விட்டுப்போய் ஆடுகிறது. அதை ஒட்டிவிடலாமா? சனிக்கிழமை வரை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறேன் என்றிருக்கிறார்.

பழுப்புத்தாள்: பதிப்பகம் யார் என்று சொல்லவே இல்லையே! முதல் பதிப்பு நியூயார்க் மேக்மில்லன். பின்னால் கிராசெட் அண்ட் டன்லப் மலிவு விலையில் ஏகப்பட்ட பிரதிகள் போட்டது. அவற்றிலும் காப்புரிமை ஆண்டு 1903தான். ‘முதல் பதிப்பு’ என்று விலைக்கு வருவதில் பாதி அந்த வகை.

வடதிசை: தலைப்புப் பக்கம், முதுகின் அடிப்பகுதி இரண்டிலும் மேக்மில்லன்தான். போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன்.

பழுப்புத்தாள்: நல்லது. அடுத்தது காப்புரிமைப் பக்கம். 1903 ஜூலையில் வெளியானதாக மட்டும் இருந்தால் முதல் அச்சு. அதோடு மறு அச்சு மாதமும் இருந்தால் அது பின்னால் வந்த அச்சு. புத்தகம் வந்த வேகத்தில் விற்றதால் அதே ஆண்டிலேயே மறுபடி அச்சிட்டார்கள். அதனால் அந்த கிறிஸ்துமஸ் குறிப்பை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. டிசம்பரில் பரிசாகக் கொடுத்தது எந்த அச்சாகவும் இருக்கலாம். அதற்காக அதை அழித்துவிடாதீர்கள்!

துணியையும் தொட்டுப் பாருங்கள். முதல் அச்சின் துணியில் மேலிருந்து கீழாக மெல்லிய வரிகள் ஓடும். நகத்தைக் குறுக்கே இழுத்தால் தட்டுப்படும். தாள்களின் மேல் விளிம்பில் தங்கப் பூச்சு இருக்க வேண்டும். அப்புறம், பிலிப் குட்வினும் சார்லஸ் லிவிங்ஸ்டன் புல்லும் வரைந்த படங்கள். சட்டம் போட்டு மாட்டுவதற்காகப் படத்தைக் கிழித்தெடுக்கும் புண்ணியவான்கள் உண்டு, அதனால் ஒவ்வொரு தாளாகப் புரட்டுங்கள்.

மூலைக்கடை: எனக்கு உறை மேல்தான் சந்தேகம். அந்தக் காலத்தில் வாங்கியவுடன் உறையைக் கழற்றிப் போட்டுவிடுவார்கள். இந்த நாவலுக்கு உறையோடு பிரதி கிடைப்பது மிக மிக அபூர்வம். வீட்டைக் காலி செய்யும் இடத்தில் அது வந்து உட்கார்ந்திருக்கிறது என்றால், நகல் உறை என்று எடுத்துக்கொண்டே பார்க்க ஆரம்பியுங்கள்.

உறையைக் கழற்றி புத்தகத்தின் முதுகைப் பாருங்கள். முதுகுத் துணி வெயிலில் வெளுத்து, மேலே இருந்த உறை பளிச்சென்று இருந்தால், இரண்டும் நெடுநாள் ஒன்றாக இருந்தவை அல்ல. பூதக்கண்ணாடி வைத்து எழுத்தின் ஓரத்தையும் பாருங்கள். வண்ணப் புள்ளிகள் தெரிந்தால் இன்றைய பிரிண்டர் வேலை. நாணயமாக நகல் செய்கிறவர்கள் உள் மடிப்பில் ‘நகல்’ என்று அச்சிடுவார்கள். அந்த மடிப்பின் ஓரம் வெட்டப்பட்டிருந்தால் காரணம் கேளுங்கள்.

ஆடும் அட்டைக்கு வெள்ளைப் பசை தடவ வேண்டாம். புது பைண்டிங் அதைவிட மோசம், மதிப்பு அங்கேயே போய்விடும். பழைய நூல் பழுது பார்ப்பவர் கோதுமைப் பசையும் ஜப்பானியத் தாளும் வைத்துச் சரி செய்வார். அதுவரை படுக்க வைத்தே வையுங்கள். பாச்சை உருண்டை பக்கத்திலேயே வேண்டாம்.

நூலகத்தூசி: கொஞ்சம் விலகிப் போகிறேன். இந்தக் கதை முதலில் அச்சானது புத்தகமாக அல்ல, ‘சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்’ வார இதழில், 1903 ஜூன் 20 முதல் ஜூலை 18 வரை தொடராக. அந்த ஐந்து இதழ்களையும் தேடிச் சேர்க்கிற ஆட்கள் இருக்கிறார்கள். மேக்மில்லன் ஜாக் லண்டனிடம் 2,000 டாலருக்கு மொத்தமாக உரிமையை வாங்கிக்கொண்டது. அதன் பிறகு அது எத்தனை விற்றும் அவருக்கு ராயல்டி இல்லை. கனடாவின் க்ளோண்டைக் பகுதிக்குத் தங்கம் தேடிப் போனபோதும் அவருக்குக் கிடைத்தது ஸ்கர்வி (வைட்டமின் சி குறைவு) நோய்தான்.

வடதிசை: இன்று போய்ப் பார்த்தேன். காப்புரிமைப் பக்கத்தில் ஜூலை மட்டும்தான், மறு அச்சு வரி இல்லை. துணியில் வரிகள் தட்டுப்படுகின்றன. மேல் விளிம்பில் தங்கம் மங்கியிருந்தாலும் தெரிகிறது. படங்கள் எல்லாம் இருக்கின்றன. உறையைக் கழற்றினேன். புத்தகத்தின் முதுகு வெளிறிப் பழுப்பாகக் கிடக்கிறது, உறையின் முதுகோ நேற்று வாங்கிய மாதிரி. உள் மடிப்பில் கீழ் ஓரத்தை நேர்கோடாக வெட்டியிருக்கிறார்கள். விற்பவரிடம் காட்டினேன், “அப்படியே வந்தது” என்று சொல்லிவிட்டார்.

மூலைக்கடை: சரி, தெளிவாகிவிட்டது. உறையில்லாத முதல் அச்சு, முன் அட்டை தளர்ந்தது என்று வைத்து விலை பேசுங்கள். உறைக்கு ஒரு டாலர்கூடச் சேர்க்காதீர்கள்.

பழுப்புத்தாள்: அதேதான். ஏல நிறுவனங்கள் விற்ற பழைய விலைகளைப் பார்க்கும்போதும் உறையுள்ள பிரதி, இல்லாத பிரதி எது என்று பிரித்துப் பாருங்கள். அந்த இரண்டு விலைகளையும் கலந்து சொல்லித்தான் பேரத்தில் ஆளைக் குழப்புவார்கள்.

வடதிசை: உறையை அவரே வைத்துக்கொள்ளட்டும் என்று சொல்லி ஒரு தொகை கேட்டிருக்கிறேன். அண்ணனிடம் பேசிவிட்டு நாளைக்குச் சொல்கிறேன் என்றார்.