ஏரி ஆயக்கட்டில் வீட்டுமனை: எந்த அடிப்படையில் ஆட்சேபம் தெரிவிப்பது?

கேள்வி: ஏரிக்கரையான்

அனைவருக்கும் வணக்கம். மதுராந்தகத்துக்கும் உத்திரமேரூருக்கும் இடைப்பட்ட பகுதியில், பெருஞ்சாலையிலிருந்து ஒதுங்கியிருக்கும் சிற்றூர் எங்களுடையது. எங்கள் ஏரியின் ஆயக்கட்டில், அதாவது ஏரி நீர் பாயும் நிலப்பரப்பில், கீழ்மடையில் பாயும் நஞ்சையில் ஏறத்தாழ 40 ஏக்கரை, இரண்டு ஆண்டுகளாகத் துண்டு துண்டாக ஒரே நிறுவனத்தார் வாங்கிச் சேர்த்துவிட்டனர். கடந்த நவரைப் பட்டம் முதல் தரிசாகக் கிடந்த அந்நிலத்தில் இப்போது செம்மண் கொட்டி, கல் நட்டு, வண்ணக் கொடி கட்டியிருக்கிறார்கள். மண் கொட்டியதில் கடைமடைக்குச் செல்லும் வாய்க்கால் இரண்டு இடங்களில் தூர்ந்துவிட்டதால், அதற்கப்பால் உள்ள பதினைந்து குடும்பங்களின் கழனிக்குத் தண்ணீர் ஏறவில்லை.

ஊரில் எதிர்ப்பு இருக்கிறது. ஆனால் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். பச்சை அழிகிறது என்கிறார் ஒருவர். மேய்ச்சலுக்கு இடம் போகிறது என்கிறார் மற்றொருவர். வெளியாட்கள் வந்து குடியேறுவார்கள் என்பது சிலர் தாழ்ந்த குரலில் சொல்லும் காரணம். கடைசியாகச் சொன்னதை மனுவில் எழுத என் மனம் ஒப்பவில்லை. பட்டா நிலத்தை உரிமையாளர் விற்பதையும், வாங்கியவர் மனை போடுவதையும் நாங்கள் எந்த அடிப்படையில் ஆட்சேபிக்க முடியும், மனுவை யாரிடம் கொடுப்பது என்பதை விவரம் அறிந்தவர்கள் தெரிவித்தால் உதவியாக இருக்கும். காவிரிப் படுகைக்காக 2020இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் எங்களுக்குப் பயன்படுமா என்றும் சிலர் கேட்கிறார்கள்.

மறுமொழி: ஓய்வுபெற்ற நிலஅளவர்

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். அந்தச் சட்டம் காவிரி வடிநிலப் பகுதிக்கு மட்டுமே உரியது. அங்கும் அது தடைசெய்வது எண்ணெய், எரிவாயு எடுப்பு, உருக்காலை, தோல் பதனிடும் தொழிற்சாலை போன்றவற்றைத்தான். வீட்டுமனைப் பிரிவு அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே அதை மறந்துவிடுங்கள்.

அடுத்து, உங்கள் கிராமம் திட்டப் பகுதிக்குள் (நகர் ஊரமைப்புத் திட்டத்துக்கென அறிவிக்கப்பட்ட பகுதிக்குள்) வருகிறதா, வெளியே இருக்கிறதா என்பதை நகர் ஊரமைப்புத் துறையின் மாவட்ட அலுவலகத்தில் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். வெளியே இருந்தால், நகர் ஊரமைப்புச் சட்டம், 1971இன் 47-அ பிரிவும் அதன்கீழ் 2017இல் வந்த நிலப் பயன்பாட்டு மாற்ற விதிகளும் பொருந்தும். நஞ்சையை மனையாக்க மாவட்ட ஆட்சியரின் இசைவு வேண்டும், அதற்கு வேளாண் துறையின் கருத்தும் கேட்கப்படும். உள்ளே இருந்தால் நிலப் பயன்பாட்டு மறுவகைப்பாடு என்ற வேறு வழியில் கோப்பு நகரும். 2022 அக்டோபரில் சென்னைப் பெருநகரப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்கப்பட்டபோது, செங்கல்பட்டு, காஞ்சிபுரம் மாவட்டங்களின் கிராமங்கள் பல அதற்குள் சென்றுவிட்டன. பழைய நினைவில் தவறான அலுவலகத்துக்கு மனு எழுதி மாதக்கணக்கில் காத்திருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஆனால் உங்கள் வழக்கின் உயிர் வாய்க்காலில் இருக்கிறது. கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள அ-பதிவேட்டையும் (புல எண்வாரியாக நிலத்தின் வகையையும் உரிமையையும் காட்டும் பதிவேடு), அந்தப் புல எண்களின் புலப்பட வரைபடத்தையும் பாருங்கள். வாய்க்கால் தனி எண்ணுடன் புறம்போக்கு எனப் பதிவாகியிருந்தால் அது அரசின் நிலம். இரு கரையிலும் உள்ள பட்டாவை ஒருவரே வாங்கினாலும் நடுவில் ஓடும் வாய்க்கால் அவருக்கு வராது. மனைப்பிரிவு வரைபடத்தில் அதையே சாலையாகக் காட்டி, அடியில் ஒரு சிமெண்டுக் குழாயைப் புதைத்துவிட்டு, நீர்வழி காக்கப்பட்டது என்று எழுதுவார்கள். சித்திரைக் கோடையில் பார்த்தால் அது சரியாகவே தோன்றும், ஐப்பசி மழையில்தான் அதன் விட்டம் போதாது என்பது தெரியும். இதைவிடச் சிக்கலானது, பட்டா நிலத்துக்குள்ளேயே வரப்பையொட்டி ஓடும் வயல் வாய்க்கால். அது எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. தலைமுறை தலைமுறையாகப் பாய்ச்சிய வழக்கம் ஒன்றே அதற்குச் சான்று. எனவே கடைமடைக் குடும்பங்களின் பல ஆண்டு அடங்கல் (கிராமப் பயிர்க் கணக்கு) நகல்களை எடுத்து வையுங்கள். ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்ததாக ஆண்டுதோறும் எழுதப்பட்டிருப்பது, நீர் அவ்வழியே வந்தது என்பதற்கு வலுவான ஆவணம்.

நீர்நிலையை ஒட்டிய இடத்துக்கு நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று கேட்கப்படுவது வழக்கம். அது கொடுக்கப்பட்டதா, என்ன நிபந்தனையுடன் என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்துடன் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

மறுமொழி: காணி விற்றவன்

இங்கே எழுதுவதற்கு எனக்குத் தகுதி உண்டா என்று தெரியவில்லை. இதே மாவட்டத்தில் எங்கள் குடும்பத்தின் இரண்டு ஏக்கர் நஞ்சையை மனைக்கு விற்றவன் நான். விற்றவர்களைத் துரோகிகளாகப் பேசும் ஊர்க்கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறேன். நாங்கள் ஆசைப்பட்டு விற்கவில்லை. முதலில் விற்றவர் வெளியூரில் வேலை பார்த்தவர். அவருடைய நிலம் எங்களுக்கு மேல்பக்கம் இருந்தது. அதில் மண் அடித்ததும் எங்களுக்கு வாய்க்கால் அடைந்தது, அறுவடை இயந்திரம் இறங்கும் வண்டிப்பாதையும் போயிற்று. நட முடியாத நிலத்துக்கு யார் விலை தருவார்கள்? அதே நிறுவனம்தான் தந்தது, முதல் ஆளுக்குக் கொடுத்ததைவிடக் குறைத்து. நாற்பது ஏக்கரை வளைக்க நாற்பது ஏக்கருக்கும் பேரம் பேச வேண்டியதில்லை. மேல்மடையில் நான்கைந்து ஏக்கர் கைக்கு வந்தால் போதும். ஆகவே உங்கள் ஊரில் இன்னும் விற்காத அந்தப் பதினைந்து குடும்பத்தின் நீரை மீட்பதுதான் அவசரம். அவர்கள் விற்றுவிட்ட பிறகு வாய்க்கால் வேண்டும் என்று கேட்க ஆளே இருக்காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் ஊர் நத்தத்தில், அதாவது குடியிருப்புக்கான பொது இடத்தில், இடமில்லை. ஒரே வீட்டில் மூன்று சகோதரர்கள் தட்டி மறைத்துக் குடியிருக்கிறார்கள். ஊரே சேர்ந்து "வீடு வேண்டாம்" என்று தீர்மானம் போட்டால் அவர்களுக்குப் பதில் என்ன? வீட்டுக்கு மேட்டுப் புஞ்சை இருக்கிறது. தீர்மானத்தில் அதையும் சேர்த்து, இன்ன இடம் குடியிருப்புக்கு ஏற்றது, இன்ன இடம் ஆகாது என்று எழுதுங்கள்.

மறுமொழி: முடிச்சூர்வாசி

மறுபக்கத்தில், அதாவது மனை வாங்கியவர்கள் பக்கத்தில் நின்று எழுதுகிறேன். தாம்பரத்தை அடுத்த எங்கள் பகுதியில் 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் புகுந்தபோது, எங்கள் வீட்டின் கீழ்த்தளம் நெஞ்சளவு நீரில் நின்றது. மனை விற்றவர் இடம் மேடு என்றுதான் சொன்னார். வெள்ளம் வடிந்த பின் பக்கத்திலிருந்த முதியவர் ஒருவர், அந்த இடத்தை முன்பு பள்ளக் கழனி என்றே அழைத்தார்கள் என்றார். பெயரிலேயே இருந்த எச்சரிக்கையை எங்களுக்குச் சொல்ல வேண்டிய தேவை யாருக்கும் இருக்கவில்லை. உங்கள் ஊர்க் கழனிகளின் பழைய பெயர்களையும் மனுவில் குறிப்பிடுங்கள்.

500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு ரெரா (வீட்டுமனை ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு இல்லாமல் விளம்பரம் செய்யவே கூடாது. கொடி கட்டியவர்களின் பதிவு எண்ணை ஆணையத்தின் இணையதளத்தில் சரிபாருங்கள். அனுமதியற்ற மனைகளைப் பத்திரப்பதிவு செய்யச் சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை விதித்த பிறகு "பஞ்சாயத்து அப்ரூவ்டு" என்ற பழைய பலகைக்கு மதிப்பில்லை. அத்தகைய மனைகளை முறைப்படுத்த 2017இல் வந்த வரன்முறைத் திட்டத்திலும் நீர்நிலையில் அமைந்த மனைகளுக்கு இடம் தரப்படவில்லை.

ஏரிக்கரையான்

மூவருக்கும் நன்றி. விற்றவரின் மறுமொழியைப் படித்த பிறகு, நான் எழுதிவைத்திருந்த மனுவின் முதல் பக்கத்தைக் கிழித்துவிட்டேன். அதில் பசுமையைப் பற்றி நிறைய இருந்தது, வாய்க்காலைப் பற்றி ஒரு வரிதான். கிராம சபைத் தீர்மானத்துக்கு ஏதேனும் பலன் உண்டா?

ஓய்வுபெற்ற நிலஅளவர்

தீர்மானம் மட்டும் மனைப்பிரிவை நிறுத்தாது. பரந்தூர் விமான நிலையத்துக்கு எதிராக ஏகனாபுரம் மக்கள் 2022 முதல் எத்தனையோ முறை தீர்மானம் நிறைவேற்றியதை நாம் அறிவோம். ஆயினும் உங்கள் வழக்கில் ஒரு வேறுபாடு உண்டு. மனைப்பிரிவின் சாலையையும் பூங்கா இடத்தையும் தானப் பத்திரம் மூலம் ஊராட்சியிடம் ஒப்படைக்க வேண்டும். அந்தச் சாலை வாய்க்கால் புறம்போக்கின் மீது வருகிறது என்று சபை முன்கூட்டியே புல எண்ணுடன் பதிவுசெய்திருந்தால், ஊராட்சி அதைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றுக்கொள்வது கடினம். சபைக்கு ஆள் திரட்டுங்கள்: 501 முதல் 3,000 வரை மக்கள்தொகை உள்ள ஊராட்சிக்கு 100 பேர் வராவிட்டால் கூட்டமே செல்லாது. ஊர்ப் பொதுநிலம், குளம் ஆக்கிரமிப்பு குறித்து ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2011 ஜனவரியில் அளித்த தீர்ப்பின் நகலை ஆட்சியருக்கான மனுவில் இணைக்கலாம்; ஆனால் வாய்க்கால் புறம்போக்கு என்பது பதிவேட்டில் உறுதியானால் மட்டுமே அதைச் சேருங்கள்.

ஏரிக்கரையான்

எங்கள் ஊராட்சியில் ஏறத்தாழ 1,800 பேர் இருக்கிறோம். அக்டோபர் 2 கூட்டத்துக்கு நூறு பேரைச் சேர்ப்பது கடினமில்லை. திங்களன்று கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேடு பார்க்கப் போகிறேன். கடைமடையிலிருந்து ஒரு பெரியம்மாவும் வருகிறார். தூர்ந்த வாய்க்காலின் தொடக்கம் எந்தக் கழனியில் இருந்தது என்பது அவருக்குத்தான் சரியாகத் தெரியும்.