போருக்குப் போன முன்னோர், நம் பெயரில் ஒட்டிக்கொண்ட பட்டம்: தேடிப் போனவர்கள் சொல்லுங்கள்

பழைய பெட்டி:
எங்கள் பாஸ்போர்ட்டில் கடைசிப் பெயர் சுபேதார், ராணுவத்தில் சிப்பாய்க்கு மேலே உள்ள ஒரு பதவி. ஊரில் வீட்டுக்கும் அதே பெயர்தான். அப்பாவின் தாத்தா சிங்கப்பூர்ச் சண்டையில் இருந்தவர், 1942 பிப்ரவரிக்குப் பிறகு கடிதம் இல்லை. வேலை விஷயமாக அங்கே போனபோது கிராஞ்சி போர் நினைவகத்தை எட்டிப் பார்த்தேன். கல்லறை தெரியாத 24,000-க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் சுவரில். அவர் படைப்பிரிவைக் கண்டுபிடித்து, சுபேதார் தலைப்பின் கீழே பார்த்தால் ஆள் இல்லை. சரி என்று கீழே இறங்கி வந்தால், சிப்பாய்களில் அதே பெயர் மூன்று முறை, அடுத்தடுத்து. இனிஷியல் கிடையாது, ஊர் கிடையாது. வீடியோ காலில் அப்பா, "எதுடா தாத்தா பேரு, கையை வச்சுக் காட்டு" என்கிறார். நடு வரியில் விரலை வைத்தேன். அப்பா கும்பிட்டுவிட்டார். அதுதான் உறுத்துகிறது.

டபேதார் பேரன்:
சுபேதார் வீட்டுக்காரர் என்பதால் அவர் சுபேதார் ஆகிவிட மாட்டார், வீட்டுப் பெயர் அவருக்கும் முந்தியதாக இருக்கலாம். குதிரைப்படையில் டபேதார் என்றால் காலாட்படை ஹவில்தாருக்குச் சமமான பதவி. அதனால் எங்கள் பூட்டன் முதல் உலகப் போரில் மெசபடோமியாவில் குதிரை ஓட்டினார் என்று சொல்லிச் சொல்லியே பெரியப்பா எங்களை வளர்த்தார். கூடத்தில் ஒரு வாள் வேறு தொங்கும். பழைய பத்திரம் ஒன்றைப் பிரித்தால் "கலெக்டர் கச்சேரி டபேதார்" என்று தெளிவாக இருக்கிறது. சிவப்புப் பட்டையும் பித்தளை வில்லையுமாகக் கலெக்டர் அறை வாசலில் நிற்பாரே, அந்த டபேதார்! பெரியப்பா பத்திரத்தை மடித்து, "அது வேற ஆளு" என்று சொல்லிவிட்டு டிவி பக்கம் திரும்பிக்கொண்டார். வாள் யாருடையது என்று கேட்க இன்றுவரை தைரியம் வரவில்லை.

தோட்டத்துப் பிள்ளை:
உங்களுக்காவது ஒரு சுவர், ஒரு பத்திரம் இருக்கிறது. மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து ஜப்பான்காரன் சயாம்-பர்மா ரயில் பாதை போடக் கொண்டுபோனவர்களுக்கு என்ன இருக்கிறது? பான்போங்கிலிருந்து தன்பியூசயாத் வரை 415 கிலோமீட்டர், 1943 அக்டோபரில் முடித்தார்கள். தாய்லாந்தின் காஞ்சனபுரியில் கைதியாயிருந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குக் கல் நட்டுப் பெயர் பொறித்திருக்கிறது. எங்கள் பாட்டன் பெயர் கடைசியாக இருந்தது தோட்டத்துச் செக்ரோலில், அதாவது ஆள் பதிவேட்டில். காலைப் பெரட்டில், ஆள் கணக்கெடுக்கும் நேரத்தில், கிராணி என்ற தோட்டத்துக் குமாஸ்தா பெயர் வாசித்தார், லாரியில் ஏறச் சொன்னார்கள். பாட்டன் இடுப்பு வெற்றிலைப் பையை அவிழ்த்துப் பாட்டியிடம் கொடுத்து, "வச்சிரு, வந்து வாங்கிக்கிறேன்" என்றாராம். அப்பாவின் அடையாள அட்டையில் 'அனாக் லெலாக்கி' (மலாயில் 'மகன்') என்பதற்குப் பின்னால் அந்தப் பெயர் இருக்கிறது, அவ்வளவுதான். இதில் சுபேதாரா சிப்பாயா என்று ஒரு சண்டை.

பதிவேட்டுப் புழு:
என் கதை சின்னது. சின்னத் தாத்தா பர்மா சண்டையில் இறந்துபோனார், ரங்கூன் பக்கம் தௌக்யான் போர் நினைவகத்தில் பெயர் இருக்கிறது, முடிந்தது.

பழைய பெட்டி, சுவரைப் பார்த்துப் பயனில்லை. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலில் அந்த மூன்று பேரின் பதிவையும் தனித்தனியாகத் திறந்து பாருங்கள். பல பதிவுகளில் அப்பா பெயர், மனைவி பெயர், ஊர் எல்லாம் இருக்கும். மாவட்டம் பழைய கணக்கில்தான்: வட ஆர்க்காடு, திருச்சினாப்பள்ளி, ராம்நாட் என்று தேட வேண்டும். ஊர்ப் பெயரைக் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியிருப்பார், எழுத்தைப் பார்த்து அசந்துவிடாதீர்கள். படை எண்ணைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள், ஒரே பெயர்க்காரர்களைப் பிரிப்பது அதுதான். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரி வெலிங்டனுக்கு, மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியியல் படை என்றால் பெங்களூருக்கு அந்த எண்ணோடு எழுதிப் பாருங்கள். இன்னொன்று, இரண்டாம் உலகப் போருக்கு அந்தப் பட்டியல் 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை இறந்தவர்களுக்குத்தான். சிறைப்பட்டவர் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்திருந்தால் டில்லி தேசிய ஆவணக் காப்பகத்தில் தேட வேண்டும். டபேதார் பேரன், வாளின் பிடியருகே எண் ஏதாவது பொறித்திருக்கிறதா பாருங்கள்.

டபேதார் பேரன்:
வாளை யாரும் தொடக்கூடாது என்று பெரியப்பா உத்தரவு.

பழைய பெட்டி:
திறந்து பார்த்தேன். மூன்றில் இரண்டு பேருக்கு எங்கள் மாவட்டம், இரண்டிலும் அப்பா பெயர் இல்லை. பூட்டிக்கு வந்த பென்ஷன் தாள் ஒன்று பாதி கரையான் அரித்துக் கிடக்கிறது. படை எண் தாளின் மேல் பக்கம் போடுவார்களா, கீழேயா?